வேடம் களையும் உரிமை

(இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள குச்சவெளியில் மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிலாவெளி தாண்டி, இறக்கக்கண்டிப் பாலம் தாண்டி வா, வந்து கலையைப் பற்றிப் பேசு என்று அழைத்தார்கள். கலையைப் பற்றிப் பேசுவது சுலபம். நமது கூத்து பழையது, பெருமை வாய்ந்தது, அழிந்துவருகிறது, காப்பாற்ற வேண்டும் என்று சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு, தேநீரையும் குடித்துவிட்டுப் போய்விடலாம். அந்தப் பேச்சை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். இன்று வேறொன்றைப் பேச நினைக்கிறேன். மேடையில் பெண்ணாக நிற்பது யார்? அந்தப் பெண்ணுக்கு வருகிற புகழ் யாரிடம் போய்ச் சேருகிறது? ஆட்டம் முடிந்ததும் வேடத்தைக் கழற்றி வைக்க யாருக்கு அனுமதி இருக்கிறது? இந்த மூன்று கேள்விகள்தான் என் பேச்சு. மூன்றாவதில்தான் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

தொலைவிலிருந்து தொடங்குகிறேன். நியூயோர்க் நகரத்தில் நார்சிஸ்டர் என்ற மேடைப் பெயரில் ஒரு பெண் கலைஞர் இருக்கிறார். நடனம் முறையாகப் பயின்றவர். பத்து ஆண்டுகளுக்கு மேலாக மேடையேறி வருகிறார், ஏறுவதெல்லாம் முகமூடியோடுதான். துணிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மைக்கு இருக்கிற முகம் அது. வரைந்த புருவம், சாயம் பூசிய உதடு, எதற்கும் அசையாத பார்வை. அதற்குக் கீழே இருப்பதோ வியர்க்கிற, மூச்சு வாங்குகிற உயிருள்ள உடம்பு. ஆடை களைந்து காட்டும் இரவு விடுதி ஆட்டத்தை அவர் தலைகீழாகப் புரட்டிப் போட்டார். வெறும் உடம்போடு தொடங்கி, ஒவ்வொன்றாக உடுத்திக்கொண்டே போய், கடைசியில் முழுதும் உடுத்திய நாகரிகப் பெண்ணாக நிற்பார். பெண் என்று நாம் சொல்லும் அந்த உருவம் எத்தனை துண்டுகளை ஒட்டிக் கட்டப்படுகிறது என்பதைச் சபை கண்ணால் எண்ணிப் பார்க்கலாம். 2011 இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய திறமைப் போட்டியொன்றுக்கும் அதே முகமூடியோடு போனார். முகம் காட்டினால்தான் புகழ் என்கிற இடம் அது. 2018 இல் தன் தாயை நடுவில் வைத்து ஒரு படம் எடுத்தார். தன் குடும்பத்தின் கதையைத் தானே சொன்னார், முகமூடியைக் கைவிடவில்லை.

'இதெல்லாம் நியூயோர்க் சங்கதி, குச்சவெளிக்கு என்ன?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வேடம் போட்டுப் பெண்ணாகப் பேசுவதில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இரண்டாயிரம் ஆண்டாக அதைச் செய்து வருகிறோம்.

மார்கழி விடியற்காலையை நினைத்துப் பாருங்கள். சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் திருவெம்பாவை பாடிக்கொண்டு வருவார்கள். அந்தப் பாட்டில் பேசுகிறவர்கள் யார்? ஒருத்தியை ஒருத்தி எழுப்பிக்கொண்டு நீராடப் போகும் கன்னிப் பெண்கள். பாடியவரோ மாணிக்கவாசகர், பாண்டியனின் அமைச்சராக இருந்தவர் என்று மரபு சொல்லும் ஆண்மகன். நம்மாழ்வார் காதலில் வாடும் பெண்ணாகப் பாடும் இடங்களில் வைணவர்கள் அவரைப் பராங்குச நாயகி என்று அழைத்தார்கள். திருமங்கையாழ்வார் பரகால நாயகி ஆனார். வாளெடுத்து வழிப்பறி செய்ததாகக் கதை சொல்லப்படும் வீரர், பெண்குரலில் ஏங்குகிறார். இவற்றுக்கும் முந்தியது அகப்பாட்டு. தலைவன் தலைவியின் பெயரைச் சொல்லக்கூடாது என்பது அங்கே இலக்கணம். பாடியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பேசும் குரலோ தலைவியினுடையது, தோழியினுடையது, செவிலியினுடையது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மாணிக்கவாசகர் பெண்ணாகப் பாடினால் அது பக்தியின் உச்சி. உள்ளே இருக்கிற ஆண் வேறு, பேசுகிற பெண் வேறு என்று நமக்குத் தெரியும். ஆழ்வார் பன்னிருவரில் ஒரே பெண்ணான ஆண்டாள் பாடியபோது என்ன செய்தோம்? அந்த ஏக்கம் அவளுடைய சொந்த ஏக்கம், அந்த உடம்பு அவளுடைய சொந்த உடம்பு என்றே எடுத்துக்கொண்டோம். அவளும் ஒரு கவி, அவளும் ஒரு குரலைக் கட்டியெழுப்பியிருக்கலாம் என்று நினைக்க நமக்குத் தோன்றவில்லை. ஆண் பெண்ணாகப் பேசினால் அது வேடம். பெண் பெண்ணாகப் பேசினால் அது வாக்குமூலம். இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் மற்றதெல்லாம் கிளைக்கிறது.

இனிக் கூத்துக்களரிக்கு வருவோம். பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மேடையில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று கூத்தைப் புதிதாக நிறுத்தினார். அவருடைய மாணவர் மௌனகுரு அதை ஆராய்ச்சியாகவும் எழுதினார். ஆனால் கூத்தின் உயிர் கிராமத்தில்தான் இருந்தது. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதியை எழுதிச் சட்டம் கொடுப்பார். மாதக்கணக்கில் பழக்கம் நடக்கும். சதங்கை அணிகிற நாள் வரும், வாரந்தோறும் ஆடிப் பார்க்கும் கிழமைக் கூத்து வரும், கடைசியில் வட்டக்களரியில் அரங்கேற்றம். மத்தளமும் சல்லரியும் முழங்க, இரண்டு பேர் விரித்துப் பிடித்த துணிக்குப் பின்னால் வேடக்காரர் வந்து நிற்பார். துணி விலகும். வரவுப் பாட்டோடு அல்லி அரசி களரிக்குள் இறங்குவாள்.

அல்லி யார் என்று இங்குள்ள மூத்தவர்களுக்குத் தெரியும். மதுரையை ஆண்டவள். ஆண் துணையே வேண்டாம் என்று இருந்தவள். அருச்சுனன் பாம்பு வடிவெடுத்து அவளுடைய கட்டிலுக்குப் போய், அவள் தூங்கும்போது தாலியைக் கட்டிவிடுகிறான். ஆணை மறுத்த இந்தப் பெண்ணின் கதையைப் பழக்கியவர் ஆண், மத்தளம் அடித்தவர் ஆண், அல்லியாக ஆடியவரும் ஆண். அல்லியின் உடம்பில் சுற்றியிருந்த சாரியும் கழுத்து மாலையும்தான் ஊரில் யாரோ ஒரு பெண்ணிடம் வாங்கிய இரவல். சாரி களரிக்குள் போனது. சாரிக்காரி வெளியே பாய் விரித்து உட்கார்ந்து பார்த்தாள்.

விடியற்காலையில் மங்களம் பாடி முடிகிறது. அல்லி ஆடியவர் தேங்காயெண்ணெயைத் தடவி முகத்தில் பூசிய முத்துவெள்ளையைத் துடைக்கிறார். கொண்டையைக் கழற்றுகிறார். இரவல் சாரியை மடித்துக் கொடுக்கிறார். சாரத்தைக் கட்டிக்கொண்டு வயலுக்கோ கரைவலைக்கோ போகிறார். 'அல்லி போறா பார்' என்று சந்தியில் பகிடி பண்ணுவார்கள். அந்தப் பகிடியில் கொஞ்சம் நஞ்சும் இருக்கும். அதை நான் மறைக்க வரவில்லை. இருந்தாலும் அவரை யாரும் அல்லியாகவே வாழச் சொல்லவில்லை. அவருடைய பிள்ளைக்குக் கல்யாணம் பேச வந்தவர்கள் தகப்பன் களரியில் இடுப்பை ஆட்டியதைக் காரணம் காட்டவில்லை. வேடத்தைப் போடும் உரிமையோடு, களையும் உரிமையும் அவருக்கு இருந்தது. பெரிய உரிமை அந்த இரண்டாவதுதான்.

களரியிலிருந்து கொட்டகை மேடைக்கு வாருங்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918 இல் மதுரையில் பையன்களை மட்டும் வைத்துத் 'தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை' தொடங்கினார். அந்தக் காலத்துப் பாலர் கம்பெனிகளில் பெண் வேடம் பையன்களுக்குத்தான். ஸ்திரீபார்ட் என்பார்கள். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் அந்த வேடம் போய்விடும். அதுதான் அந்தப் பையன்களின் பெரிய பயம். இந்தச் சபையில் வளர்ந்தவர்தான் டி. கே. சண்முகம். 1940களில் ஔவையார் வேடத்தில் கிழவியாக நடித்து, அதிலிருந்து ஔவை சண்முகம் ஆனார். சென்னையில் லாயிட்ஸ் ரோடு என்று இருந்த தெரு இன்றைக்கு அவ்வை சண்முகம் சாலை. வேடத்தின் பெயர் மனிதரின் பெயரோடு ஒட்டி, அந்தப் பெயர் ஒரு நகரத்தின் தெருவுக்கே போய்விட்டது.

குஜராத்தி மேடையில் ஜெய்சங்கர் என்றொரு பையன் இருந்தான். 1901 இல் 'சௌபாக்கிய சுந்தரி' என்ற நாடகத்தில் சுந்தரியாக வந்தான். ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவைத் தழுவிய நாடகம் அது. பம்பாய் அந்தச் சுந்தரியில் மயங்கிப் போனது. அன்றிலிருந்து அவர் ஜெய்சங்கர் சுந்தரி. பம்பாய்ப் பெண்கள் அவரைப் பார்த்து உடுத்தப் பழகினார்கள் என்பது நாடக வரலாற்றில் எழுதப்பட்ட செய்தி. 1971 இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம பூஷண் கொடுத்தது. மராத்தி மேடையில் பால கந்தர்வர் இருந்தார். திலகர் கொடுத்த பெயர் அது. 1911 இல் புதிய நாடகம் தொடங்குகிற நாளன்று தன் கைக்குழந்தை இறந்தும் மேடையேறிப் பெண்ணாகப் பாடியவர். அவர் கட்டிய சேலைதான் அன்றைக்கு நாகரிகம், அவர் வைத்த பூதான் பூ. அவருக்கும் பத்ம பூஷண் கிடைத்தது.

இந்தக் கலைஞர்களில் யாரையும் நான் குறைத்துப் பேசவில்லை. அவர்களுடைய உழைப்பு பெரியது. என் கேள்வி வேறு. ஒரு பெண் எப்படி நடக்க வேண்டும், எப்படிச் சேலை கட்ட வேண்டும், எப்படி நாண வேண்டும் என்பதைப் பெண்ணுக்கே மேடையிலிருந்து கற்றுக் கொடுத்தவர் ஆண். பெண்ணை இலட்சியமாக்கிய புகழும் ஆணுக்குப் போனது. அசல் பெண் மேடைக்கு வந்தபோது அவளுக்கு என்ன கிடைத்தது?

இங்கே ஒரு பெயரைச் சொல்கிறேன். சிலர் சிரிப்பீர்கள், சிலர் தலையைக் குனிவீர்கள். இரண்டையும் கொஞ்சம் நிறுத்திவைத்துக் கேளுங்கள். ஆந்திராவிலிருந்து விஜயலட்சுமி என்றொரு பெண் பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்தாள். சரியாகப் பள்ளிக்கூடம் போகாதவள், இளவயதில் கட்டிக் கொடுக்கப்பட்டுத் தப்பி வந்தவள். 1980 இல் 'வண்டிச்சக்கரம்' என்ற படத்தில் சிறிய வேடமொன்று கிடைத்தது. அந்தப் பாத்திரத்தின் பெயர் சிலுக்கு. படம் ஓடியது. அதோடு அவர் சில்க் ஸ்மிதா ஆகிவிட்டார். 'அலைகள் ஓய்வதில்லை' படத்தில் ஒரு குடும்பப் பெண்ணாக, கண்ணாலேயே பேசி நடித்துக் காட்டினார். பார்த்தவர்கள் ஒத்துக்கொண்டார்கள்; பிறகு மறந்துவிட்டார்கள். நூற்றுக்கணக்கான படங்களில் அவரிடம் கேட்டது அந்தச் சிலுக்கைத்தான். 1996 செப்டம்பரில் தன் வீட்டில் இறந்து கிடந்தார். வயது 35. அதற்குப் பிறகும் விடவில்லை. 2011 இல் அவர் வாழ்க்கையைத் தழுவியது என்று பேசப்பட்ட இந்திப் படமொன்று வந்து பெரிய வசூல் கண்டது.

இப்போது மூன்று பேரை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். வேடத்தின் பெயரே பெயராகிப் போன மூன்று பேர். ஔவை சண்முகத்துக்குச் சாலை. ஜெய்சங்கர் சுந்தரிக்குப் பத்ம பூஷண். சிலுக்குக்கு ஏளனம். சண்முகம் ஔவையைக் கழற்றி வைத்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரலாம். சுந்தரி 1930களில் பெண் வேடத்தை விட்டுவிட்டு ஆசிரியராக, நெறியாளராக இன்னொரு வாழ்வு வாழலாம். விஜயலட்சுமிக்கு மட்டும் கழற்றி வைக்க இடமில்லை. அவர் நடித்தார் என்று யாரும் நம்பவில்லை. அவரே அதுதான் என்று நம்பினார்கள். ஆண்டாளுக்கு நடந்ததுதான் இங்கும் நடந்தது. அங்கே கும்பிட்டோம், இங்கே கல்லெறிந்தோம்.

இதை முன்கூட்டியே புரிந்துகொண்ட பெண் ஒருவர் நம் மேடையில் இருந்தார். கே. பி. சுந்தராம்பாள். 1920களில் நாடகக் கம்பெனியோடு இலங்கைக்கு வந்து கொழும்பில் கொடிகட்டிப் பறந்தவர். பின்னாளில் அவருடைய கணவரான நாடக நடிகர் கிட்டப்பாவும் அவரும் சேர்ந்து பாடியது இங்கேதான் தொடங்கியது. 1933 இல் கிட்டப்பா இறந்தபோது அம்மையாருக்கு 25 வயது. அன்றைக்கு வெள்ளைச் சேலை கட்டினார். நகையைக் கழற்றினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்றார். இதை ஒரு விதவையின் சோகம் என்று மட்டுமே எழுதிவந்திருக்கிறோம். சோகம் உண்மை. ஆனால் அடுத்து அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். 1935 இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக, ஆண் வேடத்தில் வந்தார். அதற்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கினார். அந்தக் காலத்து ஒரு லட்சம்! 1953 இல் 'ஔவையார்'. ஆசைப்படவும் முடியாத, ஏசவும் முடியாத கிழவி வேடம். வெள்ளைச் சேலை, நந்தனார், ஔவை என்ற மூன்றுக்கும் பின்னால் நின்று தன் குரலை ஒருவரும் தொடாமல் அறுபது வயதுக்கு மேலும் கொண்டுபோனார். ஊர் கழற்ற விடாத வேடத்தைத் தானே தேர்ந்தெடுத்துப் போட்டுக்கொண்டார். புத்திசாலித்தனம் என்றால் அது. ஆனால் அதற்குக் கொடுத்த விலையையும் நினைத்துப் பாருங்கள்.

இன்றைய கலைஞர்களில் பெங்களூர் புஷ்பமாலாவைச் சொல்ல வேண்டும். 1956 இல் பிறந்தவர். பரோடாவில் சிற்பம் படித்தவர். 1990களின் நடுவில் சிற்பத்தை ஒதுக்கிவைத்துவிட்டுத் தன்னையே படம் பிடிக்கக் கொடுத்தார். முதலில் முகமூடி போட்ட 'ஃபான்டம் லேடி'யாகப் பம்பாயில் அலைந்தார். 1935 இல் 'ஹண்டர்வாலி' என்ற படத்தில் முகமூடியும் சவுக்குமாக வந்து வட இந்தியாவைக் கலக்கிய நாடியாவின் நிழல் அந்த வேடத்தில் விழுந்திருக்கிறது. பிறகு 2000 முதல் 2004 வரை க்ளேர் ஆர்னி என்ற படப்பிடிப்பாளரோடு சேர்ந்து தென்னிந்தியப் பெண்கள் என்றொரு தொடர் செய்தார். ரவி வர்மாவின் நிலவொளிப் பெண்ணாக அவர். கடைச் சுவரில் கலண்டராகத் தொங்கும் லட்சுமியாக அவர். வேளாங்கண்ணி மாதாவாகவும் அவர்தான்.

அந்தத் தொடரில் ஒரு படத்தின் முன் கொஞ்சம் நிற்போம். வெள்ளைக்கார ஆட்சிக் காலத்தில் பழங்குடிப் பெண்களை நிறுத்தி, பின்னால் சதுரக் கட்டம் போட்ட திரையைக் கட்டி, உடம்பை அளந்து படமெடுத்தார்கள். நீலகிரித் தோடர் பெண்ணொருத்தியை அப்படி எடுத்தார்கள். படத்தில் அவளுக்குப் பெயரில்லை. அவள் ஒரு இனத்தின் மாதிரி. புஷ்பமாலா அதே கட்டத் திரைக்கு முன்னால் அதே நிலையில் போய் நின்றார். கலண்டர் லட்சுமியும் அளவுகோல் பெண்ணும் ஒரே ஆளாக இருப்பதைப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போது, லட்சுமி என்ற உருவத்தையும் யாரோ அளந்துதான் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்துபோகிறது. இன்னொரு பயனும் உண்டு. அத்தனை பெண்ணாகவும் ஒருத்தியே வந்தால், எது அசல் என்று பார்ப்பவரால் பிடிக்க முடியாது. சிலுக்குக்குக் கிடைக்காத இடத்தை இப்படி எண்ணிக்கையால் சம்பாதித்தார் புஷ்பமாலா. நார்சிஸ்டர் அதை முகமூடியால் சம்பாதித்தார்.

முகம் காட்டாமல், பெயர் சொல்லாமல் கலை செய்வது நம் பெண்களுக்குப் புதிதா? இந்தக் கிழக்கில் முஸ்லிம் பெண்கள் வயலிலும் வாசலிலும் படித்த கவிகள் எத்தனை! மச்சானைத் தேடியும் பழித்தும், வாப்பாவிடம் கெஞ்சியும் பாடிய கவிகளை நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் தேடித் தொகுத்தார்கள். ஒன்றுக்கும் ஆசிரியர் பெயர் கிடையாது. தமிழ்ப் பெண்களின் தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் அப்படித்தான். ஒப்பாரி பாடுகிறவள் செத்தவரின் மனைவியாகவும் பாடுவாள், மகளாகவும் பாடுவாள், அயல் வீட்டுக்காரியாகவும் பாடுவாள். அது முழுமையான வேடம். நாம்தான் அதை நடிப்பு என்று கணக்கில் எழுதவில்லை.

எழுத்திலும் அதே கதை. திருச்சி மாவட்டத்தின் துவரங்குறிச்சியில், பூப்பெய்தியதும் பள்ளிக்கூடம் நின்றுபோன ஒரு பெண், வீட்டார் தூங்கிய பிறகு ஒளித்து எழுதினார். தாயார் அந்தத் தாள்களை வெளியே அனுப்ப உதவினார். அச்சில் வந்த பெயர் சல்மா. ஊருக்குத் தெரியாமல் கவிஞரானார். 2001 இல் உள்ளாட்சித் தேர்தலில் நின்று பேரூராட்சித் தலைவியானார். 2025 இல் இந்திய மாநிலங்களவைக்குப் போயிருக்கிறார். பெயரை ஒளித்த காலம் ஒன்று இருந்ததால்தான் பெயரோடு நிற்கும் காலமும் வந்தது. நம் பக்கத்தில் சாய்ந்தமருது அனார் இருக்கிறார். அதுவும் புனைபெயர்தான். அவருடைய 2007 ஆம் ஆண்டுத் தொகுப்புக்குத் தலைப்பு 'எனக்குக் கவிதை முகம்'. நான் ஒரு மணி நேரமாகச் சொல்ல முயல்வதை அவர் அட்டையிலேயே சொல்லிவிட்டார்.

முகத்தைக் கேட்டு வற்புறுத்துவது படித்த நாட்டிலும் உண்டு. இத்தாலியில் எலெனா ஃபெரான்டே என்ற பெயரில் ஒருவர் நாவல் எழுதுகிறார், உலகமே வாசிக்கிறது. நூலே போதும், ஆள் எதற்கு என்று முதலிலேயே சொல்லிவிட்டவர். 2016 இல் ஒரு பத்திரிகையாளர் பணக் கொடுக்கல்வாங்கலையும் சொத்துப் பதிவையும் கிளறி, இன்னார்தான் அவர் என்று எழுதினார். ஊழல் செய்த மந்திரியைத் துருவுகிற மாதிரி ஒரு நாவலாசிரியரைத் துருவினார். அந்தக் கட்டுரையால் அவருடைய நாவலில் ஒரு வரியாவது நமக்குக் கூடுதலாக விளங்கியதா? இல்லை.

இனி உங்கள் மனதில் எழும் மறுப்புகளுக்கு வருகிறேன்.

முதலாவது, பெயர் மறைப்பது பொல்லாதவர்களுக்கும் வசதி. உண்மை. பெண் பெயரில் பொய்க் கணக்குத் திறந்து ஊர்ப் பிள்ளைகளை மிரட்டுகிற ஆண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பொலிஸ் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் தண்டனை அவன் செய்த தீங்குக்குத்தான். முகமூடியை மட்டும் குற்றம் என்று சொன்னால், அவன் இன்னொரு முகமூடி வாங்கிக்கொள்வான். பாட்டுப் பாடிய பிள்ளை மட்டும் பாட்டை நிறுத்திவிடுவாள்.

இரண்டாவது, வேடத்தைக் களைய விரும்பாதவர்களும் இருக்கிறார்களே? இருக்கிறார்கள். வங்காளத்தின் ஜாத்ரா நாடகத்தில் சபல் பாதுரி என்பவர் 1950களில் தொடங்கி ராணி வேடங்களில் புகழோடு இருந்தார். பெண் நடிகைகள் வந்ததும் வேலை போயிற்று. பிறகு சீதளா தேவியாக வேடமிட்டுப் பிழைத்தார். பெண்மை தனக்கு மேடையோடு முடிகிற விஷயம் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர். நம் கூத்திலும் அப்படிப்பட்டவர்கள் ஆடியிருப்பார்கள். களரி ஒன்றுதான் அவர்கள் மூச்சு விட்ட இடமாக இருந்திருக்கும். களையும் உரிமை என்று நான் சொல்வதில் களையாமல் இருக்கும் உரிமையும் அடங்கும். தீர்மானம் வேடம் போட்டவருடையது.

மூன்றாவது, முகத்தை மறைப்பது பெண்ணை அடக்குவதல்லவா? இந்தக் கேள்வி இந்த ஊரில் கனமானது. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு அவசரகாலச் சட்டத்தில் முகத்தை மூடத் தடை வந்தது. மூடு என்று சொல்லும் வீடுகளும் இருக்கின்றன, மூடாதே என்று சொன்ன அரசும் இருந்தது. இருவரும் அந்தப் பெண்ணிடம் கேட்கவில்லை. அவள் விருப்பத்தோடு மூடினாலும் திறந்தாலும் அது அவளுடையது. விருப்பமில்லாமல் நடந்தால் இரண்டும் அடக்குமுறை. கலையிலும் இதே நியாயம்தான்.

இப்போது உங்கள் கையிலுள்ள போனுக்கு வருகிறேன். இந்தக் கரையில் வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்கிற பிள்ளை, கருவாடு காயவைக்கிற பிள்ளை, ஏ.எல். படிக்கிற பிள்ளை, யாரோ ஒருத்தி இரவில் டிக்டொக்கில் பாடுகிறாள். முகத்தைக் காட்டுவதில்லை. கையைக் காட்டுகிறாள், அல்லது ஒரு பூனைப் படத்தை வைக்கிறாள். வேறு பெயர். நூற்றுக்கணக்கானோர் கேட்கிறார்கள். அவள் பாட்டு நன்றாக இருக்கிறதா என்று ஒருவன் கேட்பதில்லை. 'இது யாரடா, எந்த வீட்டுப் பிள்ளை?' என்பதுதான் முதல் கேள்வி. பின்னணியில் தெரிகிற சுவரையும் யன்னலையும் பார்த்துக் கண்டுபிடிக்கிறார்கள். ஸ்கிரீன்ஷொட் எடுத்து அண்ணனுக்கோ நானாவுக்கோ அனுப்புகிறார்கள். அடுத்த நாள் அந்தக் கணக்கு இருக்காது. அந்தக் குரலும் இருக்காது. ஊருக்கு ஒரு பாடகி குறைந்துபோவாள். அதை யாரும் நட்டக் கணக்கில் எழுதமாட்டார்கள்.

ஆகவே சில வேண்டுகோள்கள் வைத்து முடிக்கிறேன்.

கூத்தை மேடையேற்றும் பெரியவர்களே, மட்டக்களப்பின் சீலாமுனையில் அரங்க ஆய்வாளர் ஜெயசங்கரும் ஊர்க் கலைஞர்களும் கூடிக் கூத்தை மீளுருவாக்கம் செய்யத் தொடங்கி இருபது ஆண்டுக்கு மேலாகிறது. அந்த வழியில் நீங்களும் அல்லியைப் பெண் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். தூக்கத்தில் கட்டிய தாலியை அவள் எப்படி ஆடிக் காட்டுகிறாள் என்று பாருங்கள். அருச்சுனனையும் அவளிடமே கொடுங்கள். விடிந்த பிறகு அவளைக் கூத்தாடி என்று பேசாமல் இருங்கள். முன்பு ஆடிய ஆண்களுக்குக் கொடுத்த அதே மரியாதை போதும், அதற்கு மேல் வேண்டாம்.

ஆசிரியர்களே, ஒரு மாணவி புனைபெயரில் கவிதை கொண்டுவந்தால் 'இது உன் சொந்தக் கதையா?' என்று கேட்காதீர்கள். மாணவனிடம் அப்படிக் கேட்கமாட்டீர்கள். வரி எப்படி இருக்கிறது என்று மட்டும் பேசுங்கள்.

தாய் தகப்பன்மாரே, உங்கள் மகள் வேறு பெயரில் பாடுகிறாள், நடிக்கிறாள் என்று தெரியவந்தால் முதலில் அதைக் கேளுங்கள், பாருங்கள். பயம் வந்தால் அவளோடு இருந்து பாதுகாப்பைப் பேசுங்கள். கணக்கை மூடுவது கடைசியாக இருக்கட்டும்.

தம்பிமாரே, உங்களிடம் ஒன்றே ஒன்று. முகம் தெரியாத ஒருத்தியின் பாட்டு உங்களுக்குப் பிடித்தால் பிடித்தது என்று எழுதுங்கள். பிடிக்காவிட்டால் பேசாமல் அடுத்ததுக்குப் போங்கள். அவள் எந்த வீடு என்று தேடாதீர்கள். தேடிக் கண்டுபிடித்த ஒருவன் உங்களுக்கு அனுப்பினால், அதை இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள்.